ஏறின பிறகு போடும் ஊசி

கொட்டிவாக்கம் குப்பமானாலும் சரி, ஈசிஆர் ஓரத்து அடுக்குமாடியானாலும் சரி, நாலு வீட்டுக் கதவைத் தட்டினால் ஒரு வீட்டு ஃப்ரிட்ஜ் மேலாவது மெட்ஃபார்மின் அட்டை கிடக்கும். 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. நல்ல விஷயம். ஆனால் அதே ஆள் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்தால் என்ன நடக்கிறது?

ஹெர்னியாவோ பித்தப்பைக் கல்லோ, உள்ளே சேர்த்ததும் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்துவார்கள். அது சரிதான். ஆனால் கத்தி பட்ட உடம்பு கார்ட்டிசால், அட்ரினலின் எல்லாம் சுரந்து சர்க்கரையை ஏற்றும். இறக்கிய மருந்து போச்சு, ஏற்றுகிற காரணம் வந்தாச்சு. இந்த நேரத்தில் பல வார்டுகளில் இன்னமும் கேஸ் ஷீட்டில் எழுதப்படுவது ஒரே ஒரு வரி: ஸ்லைடிங் ஸ்கேல்.

அதாவது, விரலில் குத்திப் பார். 200-ஐத் தாண்டினால் இத்தனை யூனிட், 250-ஐத் தாண்டினால் இத்தனை. 140 இருந்தால்? ஒன்றும் போடாதே! அடுத்து இட்லி வரும், சர்க்கரை எகிறும், அப்புறம் ஊசி. மழைநீர் வடிகால் வெட்டாமல், வீட்டுக்குள் வெள்ளம் வந்த பிறகு மோட்டார் போட்டு இறைக்கிற வேலை இது. சிறுநீரில் சர்க்கரை பார்த்த 1930-களின் பழக்கம். சுலபமாக எழுதலாம் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் இல்லை.

2011-ல் அமெரிக்காவில் 211 அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். எல்லாருக்கும் டைப் 2. ஒரு பாதிக்கு வெறும் ஸ்லைடிங் ஸ்கேல். மறு பாதிக்கு தினம் ஒரு நீண்டநேர இன்சுலின், அதோடு சாப்பாட்டுக்கு முன் ஒரு ஊசி. புண்ணில் சீழ், நிமோனியா, சிறுநீரகப் பழுது போன்ற சிக்கல்கள் ஸ்லைடிங் ஸ்கேலில் 24.3 சதவீதம், மற்றதில் 8.6. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு!

"லோ ஷுகர் ஆகிவிட்டால்?" என்பார்கள். நியாயமான பயம்தான். அதே ஆய்வில் 70-க்குக் கீழே போனவர்கள் 23 சதவீதம். ஸ்லைடிங் ஸ்கேலில் 5. அதற்காக யாரும் சர்க்கரையை இறுக்கிப் பிடிக்கவும் சொல்லவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் 81-க்கும் 108-க்கும் நடுவே இறுக்கியதால் சாவு கூடியது என்று 2009-லேயே நைஸ்-சுகர் ஆய்வு காட்டிவிட்டது. அளவைக் குறைத்துத் தொடங்கலாம், அடிக்கடி பார்க்கலாம். பயத்துக்கு மருந்து கவனிப்பு. கைகட்டி நின்று 280 வரட்டும் என்று காத்திருப்பது அல்ல.

நர்ஸ் பற்றாக்குறை என்பதும் உண்மை. ஆனால் தினம் ஒரு வேளை நீண்டநேர இன்சுலின், ஏறினால் மட்டும் திருத்த ஊசி என்ற எளிய முறையும் 2013-ல் சோதிக்கப்பட்டு, ஸ்லைடிங் ஸ்கேலை ஜெயித்தது. இதற்குக் கூடுதல் ஆள் வேண்டாம், கூடுதல் ஒரு வரி எழுதினால் போதும்.

ஆகவே மக்களே, வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு மூன்று கேள்வியையும் எடுத்துப் போங்கள். மாத்திரையை நிறுத்திய இடத்தில் என்ன கொடுக்கிறீர்கள்? சாப்பாடு தாமதமானால் ஊசியை என்ன செய்வீர்கள்? வீட்டுக்குப் போகும்போது எந்த மருந்து, எவ்வளவு?

டாக்டர் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும். புண் ஆறாமல் படுத்துக் கிடக்கப் போவது அவர் இல்லை.