ஒட்டிய உறையும் உடைக்கும் கையும்

டெலிபோன் மணியோசை கலெக்டர் பங்களாவிலும் பெரிய வர்த்தகக் கம்பெனிகளிலும் மாத்திரமே கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், நம் ஜனங்கள் ஒருவரோடொருவர் தொடர்பு அறுந்துபோகாமல் வாழ்ந்தது எவ்விதம்? காலணாக் கார்டினால் என்று நாம் தயங்காமல் விடை கூறுவோம். முன்னாளில் தூரத்துக்குத் தக்கபடி தபால் கூலி ஏறிக்கொண்டே போகும். 1854ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில்தான், தூரம் எவ்வளவாயினும் ஒரே கூலி என்ற ஏற்பாடும் அரையணா ஸ்டாம்பும் வந்தன. 1879 ஜூலை முதல் தேதி கார்டு விற்பனைக்கு வந்தது. அடுத்த வருஷத்தில் மணியார்டரும் தபாலாபீசின் வேலையாயிற்று. பர்மா 1937 வரை இந்தியாவோடு சேர்ந்திருந்தபடியால், ரங்கூனில் உழைத்தவனுக்கும் அவனுடைய தாய்க்கும் இடையே கடல் இருந்ததேயன்றி, தபால் கணக்கில் அது உள்நாடுதான்.

அந்தக் கார்டில் எழுத்தறியாதவருக்கும் பங்கு உண்டு. தபாலாபீசு வாசலில் உட்கார்ந்திருப்பவரிடமோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடமோ சொல்லி எழுதுவித்தார்கள். வந்த கார்டைத் தபால்காரரே திண்ணையில் அமர்ந்து படித்துக் காட்டுவார். இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று தொடங்கி, அவ்விடத்து க்ஷேமத்தைக் கேட்டு, “நிற்க” என்று ஒரு சொல் போட்ட பிறகுதான் விஷயம் வரும். நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தால் கலியாணம். ஓரத்தில் கறுப்பு மை இருந்தால் சாவு; அதை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவார்களேயன்றி வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். தந்திச் சேவகனைக் கண்டாலோ, காகிதத்தைப் பிரிக்குமுன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். பரீக்ஷை தேறிய செய்தியாக இருந்து, அழுகை பாதியில் நின்று சிரிப்பாக மாறியதும் உண்டு. அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது.

கார்டில் ரகசியம் கிடையாது. ஊரார் அனைவரும் படிக்கலாம், படித்தார்கள். ரகசியம் வேண்டியவன் கூடுதலாகக் காசு கொடுத்துக் கவர் வாங்கினான், நாவால் நனைத்து ஒட்டினான். உரியவர் கையன்றி வேறு கை அதைப் பிரிக்காது என்ற நம்பிக்கைக்குத்தான் அவன் அந்தக் காசைக் கொடுத்தான்.

அந்நிய சர்க்கார் அந்த நம்பிக்கையை எவ்வாறு காப்பாற்றியது என்பதை நம் தேசபக்தர்கள் அனுபவத்தில் கண்டார்கள். 1898ஆம் வருஷத்துத் தபாலாபீசுச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, பொது ஆபத்து நேர்ந்தாலும், பொது அமைதியை உத்தேசித்தும், தபாலை இடைமறிக்க அதிகாரம் தந்தது. ஆபத்து உண்டா என்று சந்தேகம் எழுந்தால், சர்க்கார் கொடுக்கும் சர்டிபிகேட்டே முடிவான சாட்சி! வாதியே நீதிபதியாக இருந்தால் வழக்கு எப்படி முடியும் என்று சொல்லவேண்டுவதில்லை. 1908இல் புதுவை சென்ற பாரதியார் அங்கிருந்து நடத்திய ‘இந்தியா’ பத்திரிகை, பிரிட்டிஷ் எல்லைக்குள் தபாலில் வரமுடியாதபடி தடுக்கப்பட்டு, 1910இல் நின்றுபோயிற்று.

சுயராஜ்யம் வந்த பிறகும் அச்சட்டம் எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேல் உயிரோடிருந்தது. அரசியல் சட்டத்துக்கு இணங்க அதைத் திருத்தவேண்டுமென்று 1968லேயே சட்டக் கமிஷன் கூறியது. 1986இல் பார்லிமெண்டில் நிறைவேறிய திருத்த மசோதாவுக்கு ஜனாதிபதி ஜெயில் சிங் சம்மதமும் தரவில்லை, அதைத் திருப்பியனுப்பவும் இல்லை; தம்மிடமே வைத்துக்கொண்டார். அந்த மௌனத்தை நாம் மெச்சுகிறோம். டெலிபோன் பேச்சை ஒட்டுக்கேட்பதற்கு 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சில வரம்புகளை விதித்தது. கடிதத்துக்கும் அத்தகைய வரம்பு வரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

2023இல் நிறைவேறி 2024 ஜூன் 18 முதல் அமலுக்கு வந்த புதிய தபாலாபீசுச் சட்டத்தின் 9ஆவது பிரிவைப் பார்ப்போம். ராஜ்யப் பாதுகாப்பு, அந்நிய நாடுகளுடன் சிநேகம், பொது ஒழுங்கு, நெருக்கடி, பொதுஜனப் பாதுகாப்பு என்று காரணங்களை அடுக்கிவிட்டு, இச்சட்டமோ வேறெந்தச் சட்டமோ மீறப்பட்டாலும் போதும் என்று முடிக்கிறது. வேறெந்தச் சட்டமோ! முனிசிபல் விதியை மீறியவனுடைய கடிதத்தையும் பிரிக்கலாம் என்று ஓர் உத்தியோகஸ்தர் அர்த்தம் செய்துகொண்டால், சட்டத்தின் வாசகம் அவரைத் தடுக்காது. நெருக்கடி என்றால் என்னவென்று அச்சட்டம் விளக்கவும் இல்லை.

இதனினும் நமக்கு அதிக வருத்தம் தருவது வேறொன்று. பழைய சட்டத்தின்படி, கடமைக்கு விரோதமாகக் கடிதத்தைப் பிரித்த தபால் சிப்பந்திக்கு இரண்டு வருஷம் வரை சிறைவாசம் உண்டு. நம்மை அடிமைப்படுத்தியவர்கள் எழுதி வைத்த தண்டனை அது. குற்றங்களைக் குறைக்கிறோம் என்ற பெயரால் 2023இல் அதை எடுத்துவிட்டார்கள். புதிய சட்டத்தில் அதற்கு ஈடாக ஒன்றும் வைக்கவில்லை. சர்க்கார் பிரிக்கும் உரிமை மட்டும் விரிந்திருக்கிறது.

கையிலேயே டெலிபோன் இருக்க, இக்காலத்தில் கடிதம் எழுதுவார் யார் என்று சிலர் கேட்கிறார்கள். சிறைக் கைதி எழுதுகிறான். மேலதிகாரியின் ஊழலை அறிந்த கீழ்ச் சிப்பந்தி எழுதுகிறான். கோர்ட்டு நோட்டீசும், மேலிடத்துக்குப் போகும் ஏழையின் மனுவும் இன்றும் உறைக்குள்தான் போகின்றன. எழுதுவோர் தொகை குறைந்ததனால் உரிமையும் குறைந்துவிடுமா?

‘வேறெந்தச் சட்டமும்’ என்ற சொற்களை 9ஆவது பிரிவிலிருந்து நீக்கவேண்டும். நெருக்கடி இன்னதென்று சட்டத்திலேயே எழுதவேண்டும். இடைமறிக்கும் உத்தரவு ஒவ்வொன்றையும் சர்க்காருக்குக் கட்டுப்படாத ஒருவர் பரிசீலிக்க வேண்டும். அனுமதியின்றிப் பிரித்தவனுக்குத் தண்டனையைத் திரும்பச் சேர்க்கவேண்டும். தமிழ்நாட்டுப் பிரதிநிதிகளில் எவரேனும் ஒருவர் தனி அங்கத்தினர் மசோதாவாக இதைக் கொண்டுவரலாம். பார்லிமெண்டு அடுத்த தடவை கூடும்போது அதற்கு முன்வருபவர் யார் என்று பார்த்திருக்கிறோம்.