ஸ்பேஸ் வேணும்

போன வாரம் காலேஜ் பஸ்ஸில் பக்கத்து சீட் நண்பன் என் ஹெட்போனில் ஒரு பக்கத்தைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டான். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "மூலக்கொத்தளத்துல இருந்துக்கினு இதெல்லாமாடா கேக்குற? கானா கேப்பன்னுல்ல நெனச்சேன்" என்றான். கிண்டல்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவன் கேட்டது தி எஃப்16ஸ். 2012ல் தொடங்கிய ராக் குழு. சென்னைப் பசங்கதான், பாடுவது இங்கிலீஷில். 2016ல் 'ட்ரிகர்புங்க்டே' என்று ஆல்பம் போட்டார்கள். 2021ல் வந்த சின்னத் தொகுப்பின் பெயர் 'இஸ் இட் டைம் டு ஈட் த ரிச் யெட்?'. அதாவது, பணக்காரர்களைத் தின்னும் நேரம் வந்துவிட்டதா? தலைப்பைப் பார்த்துவிட்டு கொடி பிடித்துக் கோஷம் போடும் பாட்டு என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அரைத் தூக்கத்தில் பாடுவது போல ஒரு குரல், அதன் மேல் அடுக்கடுக்காக இன்னும் குரல்கள், பின்னால் மிதக்கும் சின்தசைசர். என் அம்மா ஒரு தடவை கேட்டுவிட்டு, "யாருடா இவன், ஜுரம் வந்தவன் மாரி முனகுறான்" என்றார்கள். விமர்சனம் என்றால் அது!

இந்த மாதிரி இசையை 'ஸ்பேஸி' என்கிறார்கள். விண்வெளியில் மிதக்கிற மாதிரி இருக்குமாம். எனக்கு ஸ்பேஸ் என்றால் விண்வெளி ஞாபகம் வருவதில்லை. இடம்தான் ஞாபகம் வருகிறது.

விஷயம் சுலபம். பெரிய சர்ச்சுக்குள் கை தட்டிப் பாருங்கள். ஓசை சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி வந்து, மெதுவாகத்தான் அடங்கும். சின்ன ரூமில் தட்டினால் 'டப்' என்று செத்துவிடும். கிடார்க்காரர்கள் காலடியில் வைத்திருக்கும் ரிவெர்ப் பெடல் அந்தப் பெரிய கூடத்தைப் பொய்யாக உண்டாக்குகிறது. 'சூவ்லாக்கி' (1993) போட்ட ஸ்லோடைவ் மாதிரி இங்கிலாந்துக் குழுக்கள் மேடையில் குனிந்து பெடலையே பார்த்துக்கொண்டிருந்ததால், ஷூவை முறைப்பவர்கள் என்றே பட்டப்பெயர் வாங்கினார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு ரூம், ஐந்து பேர். பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்கும் ரயில் ஹாரன் அடித்தால் நடுவீட்டில் அடித்த மாதிரி இருக்கும். இந்த ஊரில் செத்தவர்களுக்கும் இருப்பவர்களுக்குமே இடத் தகராறு உண்டு. இந்தி எதிர்ப்பில் 1939ல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடக்கமான இடுகாடு இங்கேதான். அந்த நிலத்தில் அடுக்குமாடி கட்டப் போனபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அப்படிப்பட்ட இடத்தில் படுத்துக்கொண்டு, காதுக்குள் மட்டும் ஒரு சர்ச் அளவு இடம் கிடைக்கிறது என்றால் நான் ஏன் வேண்டாம் என்று சொல்லணும்?

கானா கேட்காதவன் இல்லை நான். மரண கானாவைத் தேடிப்போய்க் கேட்க வேண்டியதில்லை, அது ஜன்னல் வழியாக வந்துவிடும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடும்போது மூன்று மணிக்கு மேல் குரல் கரகரத்து, தாளம் தளர்ந்து ஒரு மயக்கம் வரும் பாருங்கள், எந்தப் பெடலும் அதைத் தராது. ஆனால் இந்த ஏரியாவில் பிறந்தவனுக்கு இந்த இசைதான் என்று வெளியில் இருப்பவர்கள் பங்கு பிரித்துக் கொடுப்பதைத்தான் பிடிக்கவில்லை. அடையாறு பையன் கானா கேட்டால் "என்ன ரசனை!" நான் இண்டி ராக் கேட்டால் சீன் போடுறேன்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவை மேடையேறியபோது கானாவும் எலெக்ட்ரிக் கிடாரும் ஒன்றாகத்தானே நின்றன?

எஃப்16ஸிடம் எனக்குக் குறையும் உண்டு. பணக்காரனைத் தின்னலாமா என்கிற கேள்வியை இவ்வளவு சொகுசாகக் கேட்க வேண்டியதில்லை. எங்கள் தெரு கானாப் பாடகரிடம் கொடுத்திருந்தால் முதல் வரியிலேயே உப்பு, மிளகாய்த்தூள் தடவி முடித்திருப்பார் :-) பாட்டில் சென்னை எங்கே இருக்கிறது என்றும் தேட வேண்டியிருக்கிறது.

கேட்பதாக இருந்தால் 'ஐம் ஆன் ஹாலிடே'யில் ஆரம்பியுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போன் கட்டாயம். ராத்திரி, எல்லாரும் தூங்கின பிறகு.