இரவில் எத்தனை பேர்?



என் அக்கா ஓராண்டாக ஒரு சிறிய முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வாடகை வீடு, 14 பேர். வாரத்தில் மூன்று நாள் போய் உட்கார்ந்திருப்பேன். அங்கே இரவுப் பணி பார்ப்பவள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண். பெயர் வேண்டாம். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் அழுதுவிடுவாள்.

இரவு எட்டு முதல் காலை எட்டு வரை அவள் ஒருத்திதான். நான்கு பேர் படுத்த படுக்கை. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாய்ந்தால்தான் தடுமாற்றம் கூடும். ஒரு பாட்டி நடுராத்திரியில் எழுந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று கதவைத் தட்டுவார். மாடு ஏது என்றால் சண்டை. இவள், "காட்டிட்டேன் ஆச்சி, படுங்க" என்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. (பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்த எனக்கு, அழுகிற பிள்ளையிடம் இப்படிப் பேசப் பத்து வருடம் ஆயிற்று.)

போன மாதம் அக்காவுக்கு இடுப்பில் புண் வந்துவிட்டது. அந்த வாரம் இன்னொருவருக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. இவள் அங்கேயே நின்றிருக்கிறாள். நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில், "காசு வாங்குறீங்கல்ல?" என்று அவளைப் பிடித்துத் திட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. அவள் சம்பளம் மாதம் 11,000 ரூபாய். சித்தாள் கூலியைவிடக் குறைவு.

பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மீது கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விடிய விடியத் தனியாக விழித்திருப்பவள் யாரிடம் கொடுப்பாள்?

"நல்ல ஹோம் இருந்தா சொல்லுங்க சார்" என்று உங்களில் பலர் போன் செய்கிறீர்கள். ஏசி இருக்கிறதா, சாப்பாடு எப்படி என்று கேட்கிறீர்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை பேர் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

நிர்வாகியிடம் பேசினேன். குடும்பத்துக்கு மாதம் 800 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் இரவுக்கு இன்னொரு ஆள் போடலாம் என்றார். ஒன்பது குடும்பங்கள் சரி சொல்லிவிட்டன. நம் வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.