‘ஒரு பணியாளருக்கான வணிகம்’ என்ற ஒற்றை அளவுகோலைத் திருத்தக் கோரும் மனு

பெறுநர்: பொது மேலாளர், தலைமை அலுவலகம்.
பார்வை: இதே பொருளில் சங்கம் அனுப்பிய மூன்று கடிதங்கள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.



நாங்கள் ஒரு பொதுத்துறை வங்கியின் ஊரகக் கிளை அலுவலர் சங்கத்தினர்.

முதல் கடிதத்தில் சொன்னதையே மறுபடியும் சொல்கிறோம். வைப்பையும் கடனையும் கூட்டிப் பணியாளர் எண்ணிக்கையால் வகுத்து எங்கள் கிளைகளுக்கு மதிப்பெண் போடுகிறீர்கள். ஒரே ஒரு பெருநிறுவனக் கடனால் நகரக் கிளை முன்னே போய்விடுகிறது. நூறு நாள் வேலைச் சம்பளத்துக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வரிசையில் நிற்பவர்களுக்கு நாள் முழுக்கப் பணம் எண்ணிக் கொடுக்கும் எங்கள் காசாளரின் உழைப்பு அந்தக் கணக்கில் எங்கும் ஏறுவதில்லை. பணம் வெளியே போவதால் வைப்புதான் குறைகிறது. 2014-இல் தொடங்கிய ஜன் தன் திட்டக் கணக்குகளில் பெரும்பகுதியைச் சுமப்பவை பொதுத்துறை வங்கிகளே. இருப்பு இல்லாத கணக்குக்கும் பாஸ்புக் பதிய ஆள் வேண்டும், கைரேகை பதியாத பாட்டிக்குப் பதில் சொல்லவும் ஆள் வேண்டும்.

இரண்டாவது கடிதத்தில், வெளிநாட்டு வங்கித் துறைகளோடு எங்களை ஒப்பிட்ட சுற்றறிக்கையை மறுத்திருந்தோம். 21 நாடுகளின் நிதி நிறுவனங்களின் செயல்திறனைப் பற்றிய 130 ஆய்வுகளை 1997-இல் அலசிய பொருளியல் ஆய்வாளர்கள் பெர்கரும் ஹம்ப்ரியும், சட்டமும் பொருளாதாரச் சூழலும் சேவையின் தரமும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் இத்தகைய ஒப்பீட்டுக்குப் பொருள் சொல்வது கடினம் என்றே எச்சரித்தார்கள்.

மூன்றாவது கடிதத்தின் முன்னுதாரணத்தைத் தயவுசெய்து இம்முறையாவது படியுங்கள். பிரான்ஸ், ஸ்பெயின் வங்கிகளின் செலவுத் திறனை ஆய்வாளர்கள் தியெட்ச், லோசானோ-விவாஸ் இருவரும் ஒப்பிட்டு 2000-இல் வெளியிட்டார்கள். சூழலைக் கணக்கில் சேர்க்காதபோது ஸ்பெயின் வங்கிகள் வெகுவாகப் பின்தங்கின. மக்கள் அடர்த்தி போன்ற சூழற்காரணிகளைச் சேர்த்ததும் அந்த இடைவெளி பெருமளவு சுருங்கியது. வங்கிகள் அதே வங்கிகள்தான், அளந்த முறை மட்டுமே மாறியது. இரு நாடுகளுக்கு இடையே செல்லும் இந்த நியாயம், மாநகரக் கிளைக்கும் மானாவாரி வட்டாரக் கிளைக்கும் இடையே ஏன் செல்லாது? வங்கிகள் புதிதாகத் திறக்கும் கிளை உள்ளிட்ட சேவை மையங்களில் 25 சதவீதமாவது வங்கியில்லா ஊரகப் பகுதிகளில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதி. விதிப்படி அங்கே கிளை வைத்துவிட்டு, அங்கே இருப்பதற்காகவே மதிப்பெண்ணைக் குறைப்பது அநீதி. அந்த மதிப்பெண்ணைக் காட்டித்தான் எங்கள் கிளைகளில் ஆள் குறைக்கிறீர்கள். ஆள் குறைந்ததும் வரிசை நீள்கிறது, கடன் விண்ணப்பம் தேங்குகிறது, அடுத்த ஆண்டு மதிப்பெண் இன்னும் இறங்குகிறது.

ஆகவே, பரிவர்த்தனை எண்ணிக்கை, சிறுகணக்குகளின் எண்ணிக்கை, வட்டார மக்கள் அடர்த்தி ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பீட்டைத் திருத்த வேண்டும். அதுவரை ஊரகக் கிளைகளில் ஆள்குறைப்பை நிறுத்த வேண்டும்.



முப்பது நாட்களுக்குள் எழுத்து வடிவில் பதில் தருமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்