மூஸைச் சுட்டு மூஸைக் காப்பது

நின்றால் தோள் மட்டும் ஆறரை அடி வரை உயரம். எடை 400, 500 கிலோ. எதிர்த்து நின்று உதைக்கத் தொடங்கினால் ஓநாய்க் கூட்டமே பின்வாங்கும். மான் குடும்பத்திலேயே பெரிய விலங்கான மூஸ், அமெரிக்காவின் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் காடுகளில் இப்போது உண்ணியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது.

குளிர்கால உண்ணி என்று அதற்குப் பெயர். இலையுதிர் காலத்தில் அதன் குஞ்சுகள் செடி நுனியில் ஏறி, ஒன்றோடொன்று கால் பின்னிக் கொத்தாகத் தொங்கும். உரசிப் போகும் மூஸின் ரோமத்தில் கொத்தோடு தொற்றிக்கொள்ளும். வெள்ளைவால் மான் நக்கியும் கடித்தும் உண்ணியை எடுத்துவிடும். மூஸுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. உண்ணிகள் ரத்தத்தில் ஊறிய பிறகுதான் சொறியவே ஆரம்பிக்கும். மார்ச், ஏப்ரலில் பெண் உண்ணிகள் திராட்சையளவு உப்பித் தரையில் விழும். பனியில் விழுந்தால் சாகும். வெறும் தரை என்றால் முட்டையிடும். பனி தாமதமாக வந்து சீக்கிரம் உருகும் ஆண்டுகள் பெருகியதில் உண்ணிக்குத்தான் கொண்டாட்டம்.

2014 முதல் 2016 வரை இவ்விரு மாநிலங்களிலும் கழுத்துப்பட்டை கட்டிக் கண்காணித்த கன்றுகளில் சுமார் 70 சதவீதம் குளிர்காலம் முடிவதற்குள் இறந்தன. ஒரு கன்றின் உடம்பில் சராசரியாக 47,000 உண்ணிக்கு மேல்! தாய் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இளைத்த தாய் இரட்டைக் கன்று ஈனுவது அரிதாகிவிட்டது.

மெய்ன் வனவிலங்குத் துறை 2021இல் மாநிலத்தின் வடமேற்கே ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. பெண் மூஸ்களைச் சுடக் கூடுதல் அனுமதி. நெரிசல் குறைந்தால் உண்ணிக்குத் தொற்ற உடம்பு கிடைக்காது என்பது கணக்கு. காப்பதற்காகக் கொல்வதா என்று கேட்பவர்களின் இரக்கம் புரிகிறது. ஆனால் அங்கே மூஸ் பெருகியதே மனிதர்களின் கைங்கரியம். ஓநாய்களை 19ஆம் நூற்றாண்டிலேயே ஒழித்தாயிற்று. 1970, 80களில் ஸ்புரூஸ் மரங்களைப் புழு அரித்தபோது காட்டைப் பரப்புப் பரப்பாக மொட்டையடித்தார்கள். வெட்டிய இடத்தில் துளிர்த்த இளந்தளிர் மூஸுக்கு விருந்தானது. இவ்வளவும் செய்துவிட்டு, இனி இயற்கை பார்த்துக்கொள்ளட்டும் என்பது கைகழுவுவது.

சுப்பீரியர் ஏரியின் ஐல் ராயல் தீவில் வேறு வழி கிடைத்தது. 2018, 2019இல் 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். தீனித் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, 2019இல் 2,000ஐத் தொட்ட மூஸ் எண்ணிக்கை 2023இல் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. ஊரில்லாத தேசியப் பூங்காவில் அது நடக்கும். மரம் வெட்டுவோரும் வேட்டைக்காரரும் நடமாடும் மெய்னில் ஓநாயின் வேலையைத் துப்பாக்கிதான் செய்தாக வேண்டும்.

அதற்கு ஒரு நிபந்தனை வேண்டும். சுடப்பட்ட மூஸின் மேல் உள்ள உண்ணிகளை வேட்டைப் பதிவு நிலையங்களில் உயிரியலாளர்கள் எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கை இறங்கவில்லை, கன்றுகளும் பிழைக்கவில்லை என்றால் கூடுதல் அனுமதியை நிறுத்திவிட வேண்டும். வேட்டைக்காரர்களுக்குப் பழகிவிட்டது என்பதற்காக அது ஆண்டுதோறும் நீளக் கூடாது.