விழுந்தவரைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை தாமதம்?

மைதானத்தில் ஒரு வீரர் விழுந்தால் அரங்கமே பார்த்துவிடும். சாலை சைக்கிள் பந்தயம் அப்படியல்ல. பல நேரம் நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஊர், காடு, மலை இறக்கம் என்று நீளும். கேமராக்கள் முன்னணியில் போகிறவர்களோடு போய்விடும். பின்னால் ஒரு வளைவில் தனியாக விழுகிறவரை யார் பார்ப்பது?

2024 செப்டம்பர் 26 அன்று சூரிச்சில் உலக சாம்பியன்ஷிப்பின் ஜூனியர் பெண்கள் பந்தயம். நல்ல மழை. 18 வயது சுவிட்சர்லாந்து வீராங்கனை மூரியல் ஃபூரர் காட்டுப்பகுதி இறக்கத்தில் விழுந்தார். அது யார் கண்ணிலும் படவில்லை. பந்தயம் நடந்துகொண்டே இருந்தது. நெடுநேரம் கழித்துத்தான் அவரைக் கண்டெடுத்து ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இறந்துவிட்டார்.

அந்த உலக சாம்பியன்ஷிப்பில் வீரர்கள் காதில் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி இருக்கவில்லை. சைக்கிளில் பொருத்தும் சிப், கோட்டைக் கடக்கும்போது நேரத்தைக் குறிக்கும். நடுவழியில் நின்றுபோனவர் எங்கே இருக்கிறார் என்று அது சொல்லாது. சாப்பாடு கொண்டுவரும் பையன் எந்தத் தெரு முனையில் திரும்புகிறான் என்று நம் கைப்பேசி காட்டும் காலம் இது. உயிரைப் பணயம் வைத்துப் பாயும் ஒரு பெண்பிள்ளை இருக்கும் இடம் தெரியாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது தலைவிதி என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் ஹெல்மெட்டின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1991இல் உலக சைக்கிள் ஒன்றியம் அதைக் கட்டாயமாக்க முயன்றது. வீரர்களே எதிர்த்தார்கள், ஒன்றியம் பின்வாங்கியது. 1995 டூர் டி பிரான்ஸில், பைரனீஸ் மலை இறக்கத்தில், ஒலிம்பிக் சாம்பியன் ஃபாபியோ கசார்ட்டெல்லி ஹெல்மெட் இல்லாமல் விழுந்து இறந்தார். அப்போதும் விதி வரவில்லை. 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் ஆந்த்ரே கிவிலெவ் இறந்தார். அவரும் ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம்தான் அது கட்டாயமானது. இன்று ஹெல்மெட் இல்லாமல் பந்தயத்துக்கு வர யாரும் நினைப்பதுகூட இல்லை.

அதே இழுபறி இப்போது, வீரர் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவியில் நடக்கிறது. 2025 ஆகஸ்டில், பெண்களுக்கான டூர் டி ரோமாண்டியில் அணிக்கு ஒருவர் அந்தக் கருவியோடு ஓட்டிச் சோதிக்க வேண்டும் என்றது ஒன்றியம். ஆளைத் தேர்ந்தெடுக்க மறுத்த ஐந்து அணிகள் பந்தயத்திலிருந்தே நீக்கப்பட்டன. அதுவும் ஃபூரரின் சொந்த நாட்டில், அவர் இறந்து ஓராண்டு நிறைவதற்குள். அடுத்த மாதம் கிகாலியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் எல்லோரும் கருவியோடு ஓட்டினார்கள். செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஒன்றியமும் அணிகளும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. சாலை பொதுமக்களுடையது. பந்தயத்துக்காக அதை அடைத்துக் கொடுப்பது காவல்துறையும் உள்ளாட்சியும். ஒவ்வொருவர் இருப்பிடமும் திரையில் தெரிய வேண்டும். ஒரு புள்ளி அசையாமல் நின்றால் உடனே ஆள் போக வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத பந்தயத்துக்கு அனுமதி தராதீர்கள். ஜூனியர் பந்தயங்களிலிருந்து இதைத் தொடங்குங்கள்.