விளையாட்டைப் பறிக்காதீர்கள்!

மகன் கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கினால் நாம் முதலில் செய்வது என்ன? விளையாட்டை நிறுத்திவிட்டு இன்னொரு டியூஷனில் சேர்ப்பதுதான். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவரும் கிருஷ்ணகிரியில் கடை வைத்திருப்பவரும் இதில் ஒன்றுதான். பிள்ளை உட்கார்ந்தே பருத்துப் போகிறான். இது சரியான மருந்தா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் கேத்தரின் டேவிஸ் குழுவினர் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 7 முதல் 11 வயது வரையுள்ள, எடை கூடிய 171 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். பள்ளி விட்டதும் ஒரு பிரிவு 20 நிமிடம், இன்னொன்று 40 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாடியது. மூன்றாவது வழக்கம்போல் இருந்தது. சுமார் மூன்று மாதம் கழித்துச் சோதித்தார்கள். ஓடியாடியவர்களுக்குத் திட்டமிட்டுச் செயல்படும் திறன் கூடியிருந்தது. கணக்கிலும் முன்னேற்றம்! அதிக நேரம் ஆடியவர்களுக்கு அதிகப் பலன். அங்கே கணக்குப் பாடம் யாரும் நடத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். சிலரை ஸ்கேன் செய்தபோது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி கூடுதலாக இயங்குவதும் தெரிந்தது. வாசிப்பில் மட்டும் மாற்றமில்லை. ஆக, ஓட்டம் படிப்புக்கு மாற்றல்ல, எதிரியும் அல்ல!

பெற்றோர்களே! அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே 40 நிமிடத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும்தான்! தெருவெல்லாம் லாரி ஓடுகிறதென்றால், பள்ளிக்கூட மைதானத்தை மாலையில் திறந்துவிடக் கேளுங்கள். இளைஞர்களே! பொறுப்பேற்று விளையாட்டை நடத்துங்கள். பருத்த பிள்ளையைக் கேலி செய்து ஓரங்கட்டாதீர்கள். அவனுக்குத்தான் இது அதிகம் தேவை. சிந்திப்பீர்களா?